மூன்றாம் துளையில் கம்பி உண்டா?



பள்ளிச் சேர்க்கைக்கு வேண்டிய சான்றிதழ்களைப் பற்றிய தொடர்ச்சியை இம்மாதம் எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். அதனைத் தள்ளிவைத்து மின்சாரத்தைப் பற்றி எழுத நேர்ந்தது. காரணம், நம் வீட்டிலேயே நிகழ்ந்த ஒன்று. நாம் பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தி இரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதப் போனவர்கள். மின் பொறியாளர் அல்லோம். பட்டறிந்ததையும், அறிந்தவர்களிடம் கேட்டுத் தெளிந்ததையும் மட்டுமே இங்கே எழுதுகிறோம்.

சித்தூரில் நாம் குடியிருப்பது வாடகை வீடு. ஊரிலிருந்து கொண்டுவந்த மாவரைக்கும் கிரைண்டர் ஒன்று சமையலறையில் இருக்கிறது. சில வாரங்களாகவே, மாவை வழிக்கும்போது கையில் சுள்ளென்கிறது என்று நம் இல்லாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மணையைப் போட்டு அதன் மேல் நின்றால் சுள்ளென்பது இல்லை என்பதையும் அவரே கண்டுபிடித்தார். "அப்படியே நின்று அரைத்துக்கொள்" என்று சொன்னவர் நாமேதான். நம் பக்கத்து வீடுகளில் எத்தனை மணைகள் இப்படிக் கிரைண்டருக்கு முன்னே கிடக்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால், இந்தத் தவறு நம் ஒருவருடையது அன்று என்பது விளங்கும்.

ஒரு சனிக்கிழமை மாலை, எட்டு வயது மகன் வெறுங்காலோடு ஈரத்தரையில் ஓடிவந்து கிரைண்டரின் இரும்பு உடலைப் பிடித்தான். பிடித்த கையை எடுக்க அவனால் இயலவில்லை. கத்தவும் இயலவில்லை. அவன் தாய் அவனைத் தொட்டு இழுக்காமல் சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். எப்படி அந்த எண்ணம் வந்தது என்று கேட்டால் அவருக்கே இன்றும் சொல்லத் தெரியவில்லை. பையன் பிழைத்தான். உள்ளங்கையில் ஒரு சிறு தீப்புண்ணும், இரண்டு நாள் காய்ச்சலுமாகப் போயிற்று.

மறுநாள் ஒரு மின்பணியாளரை அழைத்து வந்தோம். தெலுங்கர், சித்தூர் வழக்கப்படி தமிழும் நன்றாகப் பேசுபவர். சுவரிலிருந்த சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன சொல்லை அப்படியே எழுதுகிறோம்: "துளை மூணு இருக்கு சார். கம்பி ரெண்டுதான் இருக்கு."

இதுதான் இக்கட்டுரையின் மையப் பொருள். மூன்று முள் பிளக்கில் மேலே இருக்கும் பெரிய முள் எர்த்து முள். அது மற்ற இரண்டையும்விட நீளமாகவும் பருமனாகவும் இருப்பது அழகுக்காக அன்று. செருகும்போது முதலில் அது சேரவேண்டும். பிடுங்கும்போது கடைசியில் அது விலகவேண்டும். தவறியும் மின்சாரம் வரும் துளையில் அது நுழையக்கூடாது. கருவியின் இரும்பு உடலுக்கும் பூமிக்கும் நேரான வழி ஒன்றை அது அமைத்து வைக்கிறது. உள்ளே காப்பு தேய்ந்து மின்சாரம் உடலில் கசிந்தால், அந்த வழியாகப் பூமிக்குப் போய்விடும். அந்த வழி இல்லாத வீட்டில் அது தொடுகிறவரின் கை வழியாகவும் கால் வழியாகவும் பூமியைத் தேடும். மணை செய்தது, இல்லாள் வழியாகப் போகும் பாதையை அடைத்தது மட்டுமே. கிரைண்டரின் உடல் முழுவதும் அத்தனை வாரங்களும் மின்சாரம் ஏறியே இருந்தது.

மின்பணியாளர் மற்றொன்றையும் காட்டினார். கூடத்திலிருந்த ஒரு சாக்கெட்டில் சுவிட்சை மின்சாரம் வரும் கம்பியில் வைக்காமல், திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் வைத்திருந்தார்கள். அங்கே சுவிட்சை அணைத்தால் கருவி நிற்கும். ஆனால் கருவிக்குள் மின்சாரம் நின்றபடியே இருக்கும். கிரைண்டர் அந்தச் சாக்கெட்டில் இருந்திருந்தால் தாய் சுவிட்சை அணைத்தும் பயன் இருந்திராது. இதனால்தான், யாரேனும் மின்சாரத்தில் சிக்கினால் ஓடிப்போய் மெயின் சுவிட்சையே அணைக்க வேண்டும் என்கிறார்கள். அது இரு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிப்பது. மெயினை அணைக்க வழியில்லையென்றால் உலர்ந்த கட்டையால் ஆளைத் தள்ளிவிட வேண்டும். மூச்சு நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியைத் தொடங்கிவிட்டு, 108க்குச் சொல்லியனுப்ப வேண்டும். உங்கள் வீட்டில் மெயின் சுவிட்சு எங்கே இருக்கிறது என்பது வீட்டிலுள்ள பெண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் தெரியுமா? மாடிப்படியின் கீழே, வீட்டுக்காரர் பூட்டிவைத்த பெட்டிக்குள் இருந்தால் அந்தப் பூட்டை நீக்கச் சொல்லுங்கள்.

"பியூஸ்தான் இருக்கிறதே, அது போயிருக்க வேண்டாமா?" என்று மின்பணியாளரைக் கேட்டோம். படித்தவர்களிடையேயும் இந்த மயக்கம் உண்டு. ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். 100 வாட் குண்டு பல்பு இழுப்பது ஏறத்தாழ 0.43 ஆம்பியர், அதாவது 430 மில்லி ஆம்பியர். மனித நெஞ்சின் வழியாக 50 முதல் 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே இதயத் துடிப்பு குலைந்து உயிர் போகலாம். 10 அல்லது 20 மில்லி ஆம்பியரிலேயே தசைகள் இறுகிப் பிடித்த கை விடாது. ஒரு பல்புக்குப் போதாத மின்சாரம் ஓர் உயிரைக் கொண்டுபோகப் போதும். 5 ஆம்பியர் பியூஸுக்கு அது ஒரு பொருட்டே அன்று. பியூஸ் காப்பது கம்பிகளையும் வீட்டையும், ஆளை அன்று.

அந்த வேலையையாவது பியூஸைச் செய்யவிடுகிறோமா? பழைய வீடுகளில் பீங்கான் கட்டைப் பியூஸ் இன்னும் இருக்கிறது. ஈயம் பூசிய செப்புக் கம்பியில் 5 ஆம்பியருக்கு 0.2 மில்லி மீட்டர் பருமனும், 15 ஆம்பியருக்கு 0.5 மில்லி மீட்டர் பருமனும் வேண்டும். இரவில் பியூஸ் போய்விட்டால் நாம் செய்வதென்ன? கிடைத்த ஒயர்த் துண்டிலிருந்து நாலைந்து இழைகளை முறுக்கிக் கட்டிவிடுகிறோம். விளக்கு எரிகிறது, நிம்மதியாகத் தூங்குகிறோம். இனிச் சுமை கூடினால் உருகவேண்டிய பியூஸ் உருகாது. சுவருக்குள் ஓடும் கம்பிதான் காயும். மின்சாரம் இரு மடங்கானால் கம்பியில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். இப்போது பல வீடுகளில் எம்.சி.பி. என்னும் தானே அணையும் சுவிட்சு வந்துவிட்டது. அது அடிக்கடி விழுகிறது என்று சொல்லிப் பெரிய அளவுள்ளதை மாற்றிப் போடுவதும், பியூஸில் நாலு இழை கட்டுவதும் ஒன்றேதான்.

மார்கழிக் குளிரில் நம்மவர் வீடுகளில் வாளிக்குள் தொங்கும் தண்ணீர் சுடவைக்கும் ராடு பெரும்பாலும் 1500 வாட். 230ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர். அதனைச் சிறிய 6 ஆம்பியர் சாக்கெட்டில் செருகுவது தகாது. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பை அதில் செருகுவது அதனினும் தகாது. பெரிய 16 ஆம்பியர் சாக்கெட்டும், அதற்கு 2.5 சதுர மில்லி மீட்டர் செப்புக் கம்பியும் வேண்டும். சாக்கெட்டு பழுத்துப்போய் மஞ்சள் நிறம் காட்டினாலும், பிளக்கைப் பிடுங்கும்போது சுட்டாலும் உள்ளே இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று கொள்க. ராடு தண்ணீரில் இருக்கும்போது சூடு பார்க்கக் கையை விடுவது எத்தனையோ குடும்பங்களை அழவைத்திருக்கிறது. பிளக்கைப் பிடுங்கியபின் கையை விடுங்கள்.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு ஒரு சொல். அங்கிருந்து வரும் கருவிகளில் தட்டை முள் பிளக்கு இருக்கும். 1947இல் பிரிட்டனில் வகுத்த முறை அது. பிளக்கின் உள்ளேயே ஒரு சிறு பியூஸ் உண்டு. நம் உருண்டை முள் பிளக்கு அதற்கு முந்திய பிரிட்டிஷ் முறையின் வழி வந்தது. அதில் பியூஸ் கிடையாது. அந்தப் பிளக்கை வெட்டியெறிந்துவிட்டு ஒயரின் நுனியைத் தீக்குச்சி வைத்துச் செருகுகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

இனி எர்த்துக்கு வருவோம். கம்பி இழுத்தால் மட்டும் போதாது. அது போய்ச் சேரும் குழி நன்றாக இருக்கவேண்டும். நம் வீட்டில் ஏறத்தாழ 2.5 மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்புமாக அடுக்கினார்கள். வீட்டுக்காரர் முதலில் முணுமுணுத்தார். பையன் கையைக் காட்டியபின் பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார். நம் சித்தூர்ப் பக்கத்து மண் சித்திரை வைகாசியில் பாளம் பாளமாக வெடிக்கும். காய்ந்த மண் மின்சாரத்தை எளிதில் ஏற்காது. குழியின் தடை 10 ஓம் என்றால் கசியும் மின்சாரம் 23 ஆம்பியர் வரை பாயும். பியூஸ் உடனே போய்விடும். காய்ந்து 100 ஓம் ஆகிவிட்டால் 2.3 ஆம்பியர்தான் பாயும். பியூஸ் போகாது, கிரைண்டரின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். ஆகையால் கோடையில் துளசிக்குத் தண்ணீர் விடும்போது எர்த்துக் குழிக்கும் ஒரு குடம் விடுங்கள்.

குழி தோண்டச் சோம்பி, சாக்கெட்டுக்குள்ளேயே எர்த்துத் துளையை நியூட்ரலோடு முடிந்துவிடும் பணியாளர்களும் உண்டு. வழியில் நியூட்ரல் கம்பி அறுந்தால் வீட்டிலுள்ள இரும்புக் கருவிகள் அனைத்திலும் மின்சாரம் ஏறிவிடும். இதனை ஒருபோதும் ஒப்பாதீர்கள்.

இவற்றோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மெயினில் பொருத்தினோம். கடைத்தெருவில் இ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இடையில் எங்கோ கசிந்து கணக்கு உதைத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். கணக்கெழுதும் நமக்கு அதன் மேல் தனி மதிப்பு உண்டு. அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழாவிட்டால் அதனை மாற்றவேண்டும்.

இரயில் பாதையின் மேலே ஓடும் கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். அதில் வேலை செய்யப் போகிறவர்கள், நிறுத்திவிட்டோம் என்ற வாய்ச்சொல்லை நம்பிக் கை வைப்பதில்லை. எழுத்தில் அனுமதி பெற்று, வேலை செய்யும் இடத்தின் இருபுறமும் கம்பியைப் பூமியோடு பிணைத்தபிறகே ஏறுவார்கள். நாமோ பல்பு மாற்ற நாற்காலியின் மேல் ஏறி, "அணைச்சாச்சா?" என்று கேட்டு, உள்ளிருந்து "ஆச்சு" என்று குரல் வந்தால் கையை நீட்டுகிறோம்.

திருப்பதி அன்பர்களுக்கு ஒன்று. 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் நகரின் தெருக்களில் வெள்ளம் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். தாழ்ந்த பகுதியில் குடியிருப்போர், தண்ணீர் வாசற்படியைத் தொடும்போதே மெயினை அணைத்துவிட வேண்டும். முழங்கால் நீரில் நின்றுகொண்டு அணைக்கப் போகக்கூடாது. வெள்ளம் வடிந்தபின் சாக்கெட்டுகள் உலர்ந்து, ஒருவர் வந்து பார்த்துச் சொன்ன பிறகே மீண்டும் போடவேண்டும். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் அருகே போகாமல் 1912க்குச் சொல்லுங்கள். தெலுங்கு வராதவர்கள் "கரண்டு தீக" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

நம் வீட்டுக் கிரைண்டர் இப்போது சுள்ளென்பதில்லை. ஆனாலும் இல்லாள் மணையை எடுக்கவில்லை. நாமும் எடுக்கச் சொல்லவில்லை. சான்றிதழ் தொடர்ச்சி அடுத்த இதழில்.