குதிரைப் பண்ணையும் குளிர்காலமும்

கால்நடை வளர்ப்போர் பலர், குளிர் ஒன்றே பிராணிகளுக்குப் பெரிய சத்துரு என்று எண்ணுகின்றனர். அமெரிக்காவில் கென்டக்கி மாகாணத்து லெக்ஸிங்டன் நகரைச் சூழ்ந்துள்ள பந்தயக் குதிரைப் பண்ணைகளின் அன்றாட அலுவல்களைக் கவனித்தால், அவ்வெண்ணம் முழுதும் சரியன்று என்பது விளங்கும். அங்கே ஜனவரி மாதத்து இரவுகளில் தண்ணீர் கட்டியாய் உறைவது சாதாரணம். ஆயினும், தடித்த ரோமம் வளர்ந்து, காற்றுக்கும் மழைக்கும் ஒதுங்க ஓர் இடமும் பெற்ற வளர்ந்த குதிரை அக்குளிரை எளிதில் தாங்கிக்கொள்ளும். அதற்குக் கேடு விளைப்பவை நீர்க்குறைவு, தீனிக்குறைவு, ஈரம், அடைபட்ட லாயத்தின் கெட்ட காற்று ஆகியவையே. இவை நான்கும் மனிதனால் தடுக்கத் தக்கவை.

பொழுது விடியுமுன் தொடங்கும் வேலைகளுள் முதன்மையானது தண்ணீரைப் பற்றியது. 500 கிலோ நிறையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 முதல் 40 லிட்டர் வரை நீர் வேண்டும். தொட்டியைப் பனிக்கட்டி மூடினாலும், நீர் மிகவும் சில்லிட்டிருந்தாலும் அது குறைவாகவே குடிக்கும். குளிர்காலத்தில் அது தின்பதோ உலர்ந்த புல். போதிய நீரின்றி அப்புல் பெருங்குடலில் இறுகி அடைத்துக்கொண்டால், கடும் வயிற்றுவலி கண்டு உயிருக்கே அபாயம் நேரிடும். ஆதலால் பனிக்கட்டியை உடைத்து அகற்றுவதும், நீரைச் சற்றே வெதுவெதுப்பாக வைப்பதும் மருந்தினும் மேலான காரியங்களாம்.

அடுத்தது தீனி. உடல் நிறையில் நூற்றுக்கு 1½ முதல் 2 பங்கு வரை உலர்புல் கொடுப்பது வழக்கம். குளிர் மிகும்போது முதலில் கூட்ட வேண்டியது தானியமன்று, புல்லே. நார்ப்பொருள் பின்குடலில் நொதித்துச் செரிக்கும்போது உஷ்ணம் பிறந்து உடலை உள்ளிருந்தே காக்கிறது. குளிர்கால ரோமம் விலா எலும்புகளை மறைத்துவிடுமாகையால், பிராணி மெலிந்ததா என்பதைக் கண்ணால் மட்டும் நிதானிக்க இயலாது. கையால் தடவிப் பார்த்தே அறிதல் வேண்டும். லத்தியை வாரி, நனைந்த வைக்கோலை மாற்றி, குளம்பின் அடியில் திரண்ட பனியைச் சுரண்டி எடுத்து முடிப்பதற்குள் பாதி நாள் கழிந்துவிடும்.

இரவின் பொறுப்போ இதனினும் பெரிது. பெண் குதிரை சுமார் 340 நாட்கள் சினை தாங்கிப் பெரும்பாலும் இரவிலேயே ஈனும். ஈன்ற குட்டி ஏறக்குறைய 1 மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும். 2 மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். 3 மணி நேரத்திற்குள் தாயின் நஞ்சுக்கொடி விழவேண்டும். இக்கணக்குத் தவறினால் கால்நடை வைத்தியரை உடனே அழைக்கின்றனர். இதற்காகவே உறைபனி இரவிலும் காவலாள் கண்விழித்திருக்கிறான்.

இத்தனை சிரமத்தையும் கடுங்குளிரில் ஏன் மேற்கொள்ள வேண்டும்? இயற்கையில் பெண் குதிரை பகல் நீளும் காலத்தில்தான் பருவத்திற்கு வரும். குட்டியும் மறு ஆண்டில் இளவேனிற்காலத்தை ஒட்டிப் பிறக்கும். ஆனால் அந்நாட்டுப் பந்தய விதிப்படி, எந்த மாதத்தில் பிறந்த குட்டிக்கும் ஜனவரி 1-ஆம் தேதியே வயது கூடும் நாள். மே மாதத்துக் குட்டி ஜனவரிக் குட்டியோடு ஒரே வயதினதாகக் கருதப்பட்டு ஓடவேண்டும். ஆதலால் டிசம்பர் தொடக்கம் முதல் சினையற்ற குதிரைகளுக்கு விளக்கேற்றி, பகலொளியையும் சேர்த்து நாளொன்றுக்கு 16 மணி நேரம் வெளிச்சம் காட்டுகின்றனர். சுமார் இரண்டு மாதங்களில் அவை முன்னதாகவே பருவத்திற்கு வருகின்றன.

இரண்டு வயதுப் பந்தயத்தில் சில மாத வளர்ச்சி பெரிய அனுகூலம் என்பது மெய்யே. எனினும் வயது ஏற ஏற அவ்வித்தியாசம் குறைந்துவிடும். சவாரிக்கும் வேலைக்கும் குதிரை வளர்ப்போர் இவ்வழக்கத்தைப் பின்பற்றுவதில் யாதொரு லாபமும் இல்லை. பசும்புல்லும் இளவெயிலும் உள்ள காலத்தில் ஈனச் செய்வதே அவர்களுக்குச் செலவு குறைந்ததும் குட்டிக்கு நலமானதுமாகும். பதிவேட்டின் வசதிக்காக ஏற்பட்ட தேதிக்குப் பிராணியின் இயல்பை வளைப்பது, அதனால் ஆதாயம் பெறுவோர் செய்யும் வியாபாரமேயன்றி, யாவரும் கைக்கொள்ளத்தக்க வளர்ப்பு முறையன்று.

ஆனால் அப்பண்ணைகளின் விழிப்பை நாமும் கைக்கொள்ளலாம். குதிரைக்குட்டி தாயின் வயிற்றிலிருந்து நோயெதிர்ப்புச் சக்தியைப் பெற்று வருவதில்லை; சீம்பாலினாலேயே அதைப் பெறுகிறது. பிறந்த சில மணி நேரத்திற்குள் அது வயிற்றை அடையவேண்டும். ஒரு நாள் கழிந்தபின் கொடுப்பதால் அப்பயன் கிட்டாது. பசுவின் கன்றுக்கும் எருமைக் கன்றுக்கும் இதுவே நியதி. நஞ்சுக்கொடி விழும்வரை கன்றுக்குச் சீம்பால் ஊட்டாது நிறுத்தும் வழக்கம் நம் கிராமங்கள் சிலவற்றில் உண்டு. கன்றின் உயிருக்கு உலை வைக்கும் அவ்வழக்கத்தை நிலச்சுவான்தார்கள் தங்கள் தொழுவங்களில் முதலில் நிறுத்துவார்களாக. கிராம உத்தியோகஸ்தர்கள் ஏனையோருக்கும் எடுத்துரைப்பார்களாக. இதற்குப் பணச்செலவு இல்லை. ஈனும் இரவில் சற்று விழித்திருந்தால் போதும்.