காலக்கோடு எங்கே தொடங்குகின்றது?

இலங்கையின் இனப்பிரச்சினையைச் சர்வதேச ஊடகங்கள் காலக்கோடாகச் சுருக்கித் தரும்போது, அக்கோடு பல வேளைகளில் 1983 யூலையில் தொடங்கி 2009 மே மாதத்தில் முடிவடைகின்றது. திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டமை முதற்புள்ளி, முள்ளிவாய்க்கால் இறுதிப்புள்ளி. இடையிலுள்ள தகவல்களுள் ஒன்றேனும் பொய்யாக இல்லாதிருக்கலாம். ஆயினும் முழுப்படமும் சேர்ந்து பொய்யுரைக்கின்றது.

1948 குடியுரிமைச் சட்டம் முதல் 2009 வரை 61 ஆண்டுகள். 1983 இல் தொடங்கும் கோடு அவற்றுள் முதல் 35 ஆண்டுகளைத் துண்டித்து விடுகின்றது. மலையகத் தமிழர் நாடற்றோராக்கப்பட்டமை, 1956 தனிச்சிங்களச் சட்டம், கைவிடப்பட்ட 1957, 1965 உடன்படிக்கைகள், 1958 வன்செயல்கள், 1961 சத்தியாக்கிரகம், 1981 யாழ் நூலக எரிப்பு யாவும் படத்திற்கு வெளியே தள்ளப்படுகின்றன. காரணத்தை வெட்டி எறிந்தால் விளைவே காரணமாகத் தோற்றமளிக்கும். தமிழர் கேட்டுப் பார்த்தனர், ஒப்பந்தம் செய்து பார்த்தனர், அறவழியில் போராடிப் பார்த்தனர் என்பதை அப்படம் காண்போர் அறியவே மாட்டார்கள்.

தொடக்கம் மட்டுமன்று, அளவுகோலும் அரசியலே. 1765 இல் யோசப் பிறீஸ்ற்லி ஏறத்தாழ 2,000 மனிதரின் வாழ்நாட்களைக் கோடுகளாக வரைந்தபோது, நூற்றாண்டு ஒவ்வொன்றிற்கும் ஒரே நீளத்தையே வழங்கினார். இன்றைய இணையக் காலக்கோடுகள் பல இவ்வொழுங்கைக் கைவிட்டு, நிகழ்வுகளைச் சம இடைவெளியில் அடுக்குகின்றன. 1958 இற்கும் 1972 இற்கும் இடைப்பட்ட 14 ஆண்டுகளும், 1981 இற்கும் 1983 இற்கும் இடைப்பட்ட இரண்டே ஆண்டுகளும் கண்ணுக்கு ஒன்றாகின்றன. பொறுமையின் நீளமும் நெருக்கடியின் வேகமும் ஒருங்கே மறைகின்றன. 1979 இல் இயற்றப்பட்டு 40 ஆண்டுகளுக்கும் மேலாக மக்களை வாட்டிய பயங்கரவாதத் தடைச்சட்டமோ ஒரு புள்ளியாகக் குறுகுகின்றது. நீடித்த அடக்குமுறையைப் புள்ளியாக்குவது அதனை நடந்து முடிந்த விபத்தாக்குவதற்கு ஒப்பாகும்.

2020 இல் வெளியான ஆய்வொன்றில், கிடைக்கோடு, நிலைக்கோடு, வட்டம், சுருள் ஆகிய நான்கு வடிவங்கள் 192 பேரிடம் சோதிக்கப்பட்டன. வடிவம் மாறியபோது விடைகாண எடுத்த நேரம் மாறியது. விடைகளின் சரிபிழையில் தெளிவான மாற்றம் இல்லை. ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் மேசையில் தமிழரின் துண்டுப்பிரசுரத்திற்குக் கிடைப்பது அரை நிமிடமே. ஆகவே வாசிக்க எடுக்கும் நேரம் அற்ப விடயமன்று. அலங்காரச் சுருள்கள் அந்த அரை நிமிடத்தையும் விழுங்கிவிடும்.

சீரான அளவுகோலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆண்டிற்கு ஒரு சென்ரிமீற்றர் வீதம் வரைந்தால், 2009 சனவரி முதல் மே வரையான காலம் அரைச் சென்ரிமீற்றர்கூட வராது. 40,000 வரையான பொதுமக்கள் உயிரிழப்பை மறுதலிக்க முடியாதென ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் கூறிய அம்மாதங்கள் ஒரு கீறலாகிவிடும். அவற்றைத் தனிப்படமாகப் பெரிதாக்கி, அதன் அளவுகோல் வேறென்பதை வெளிப்படையாகக் குறிப்பிடுவதே நேர்மையான வழி.

இக்குற்றச்சாட்டு பிறரை நோக்கி மட்டும் நீட்டப்படுவதன்று. புலம்பெயர் அமைப்புகள் வரையும் காலக்கோட்டில், 1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள், ஏறத்தாழ 70,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டமை இடம்பெறாவிடின், அதுவும் துண்டிக்கப்பட்ட கோடே. தனக்கு உவப்பற்ற புள்ளியை அழிப்பவன், மற்றவன் 35 ஆண்டுகளை அழித்தமையைக் கேள்வி கேட்கும் தகுதியை இழக்கின்றான்.

அதேபோல 2009 உடன் கோட்டை முடிப்பதும் தவறு. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். சாட்சியங்களைத் திரட்டுவதற்கான தீர்மானத்தை ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றியது.

எனவே 1948 இல் தொடங்கி, சீரான அளவில் நடந்து, நீடித்தவற்றைப் பட்டையாகவும் நிகழ்ந்தவற்றைப் புள்ளியாகவும் காட்டி, வலப்பக்கம் திறந்திருக்கும் காலக்கோட்டையே தமிழர் அமைப்புகள் உலகின் முன் வைக்க வேண்டும். நீதி கிடைக்காத வரலாற்றிற்கு முற்றுப்புள்ளி இடும் உரிமை எந்த வரைபடக் கலைஞனுக்கும் இல்லை.