கருவி தேர்தல்

உளியின் இயல்பை அறியாத தச்சன் நல்ல மரத்தையும் பாழாக்கி விடுவான். இவ்வுண்மை மென்பொருள் ஆக்குவோர்க்கும் பொருந்தும். அவர்கள் அனைத்தையும் தொடக்கத்திலிருந்து தாமே எழுதுவதில்லை. பொத்தான், படம், அசைவு முதலியவற்றை முன்னரே ஆக்கி வைத்துள்ள கருவித்தொகுதி ஒன்றைத் துணைக்கொண்டே எழுதுகின்றனர். ஆதலின், ஏற்ற தொகுதியைத் தேர்ந்தெடுத்தலே அவர்தம் முதற்கடமை ஆகும்.

பல விரல்களை ஒருங்கே உணரும் தொடுதிரைக்கு எழுதுங்கால் இக்கடமை மேலும் அரிதாகின்றது. சுட்டியால் இயக்கும் கணிப்பொறியில், திரையில் நகரும் குறி ஒன்றே. தொடுதிரையிலோ பத்து விரல்களும் ஒரே வேளையில் படியக்கூடும். 1982ஆம் ஆண்டிலேயே டொராண்டோப் பல்கலைக்கழகத்தில் இத்தகைய கருவி ஒன்று அமைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டில் ஐபோன் வெளிவந்த பின்னர் இம்முறை உலகெங்கும் பரவியது. இங்கே ஒவ்வொரு விரலுக்கும் தனி அடையாள எண் வேண்டும். அவ்விரல் படிந்ததும், நகர்ந்ததும், நீங்கியதும் தனித்தனியே அறியப்படல் வேண்டும். மேசையளவான திரையில் இருவர் ஒருங்கே ஓவியம் வரைந்தால், ஒருவர் கோடு மற்றவர் கோட்டோடு கலத்தல் ஆகாது. ஒரே குறியை மனத்திற்கொண்டு ஆக்கிய தொகுதி இவ்விடத்தில் தடுமாறும். எனவே, தேர்வில் முதலில் நோக்கத்தக்கது இத்திறனே.

அடுத்து நோக்கத்தக்கது யாது? புகழ் என்பர் பலர். அது பிழையாகும். ஃபிளாஷ் என்னும் தொகுதி ஒரு காலத்தில் இணையமெங்கும் கோலோச்சியது. அதன் உரிமை ஒரே நிறுவனத்திடம் இருந்தது. அடோபி என்னும் அந்நிறுவனம் 2011ஆம் ஆண்டில் கைப்பேசிகளுக்கான ஃபிளாஷ் வளர்ச்சியைக் கைவிடுவதாக அறிவித்தது; 2020ஆம் ஆண்டின் முடிவில் ஃபிளாஷ் இயக்கிக்குரிய ஆதரவையே முற்றும் நிறுத்தியது. அதனை நம்பி அரும்பாடுபட்டு ஆக்கிய விளையாட்டுகளும் பாடங்களும் உலாவிகளில் இயங்காமற் போயின. மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட்டும் 2021ஆம் ஆண்டில் அவ்வாறே முடிவுற்றது. புகழ் இத்தொகுதிகளைக் காக்கவில்லை.

கியூட்டி என்னும் தொகுதியின் வரலாறோ வேறு. அது நார்வே நாட்டில் டிரால்டெக் நிறுவனத்தில் தோன்றியது. 2008இல் நோக்கியாவிடமும், 2012இல் டிஜியாவிடமும் சென்றது. உரிமையாளர் மாறினும் தொகுதி மாளவில்லை. அதன் மூலநிரல் திறந்திருந்தது. மேலும், அதன் கட்டற்ற பதிப்பு நிறுத்தப்படின் அதனைத் தளர்ந்த உரிமத்தில் வெளியிடும் உரிமை, 1998இல் செய்த உடன்படிக்கையால் ஓர் அறக்கட்டளைக்கு வழங்கப்பட்டிருந்தது.

நிறுவனத்தின் தொகுதியை ஊதியம் பெறும் வல்லுநர் பேணுவர். தொண்டர் ஆக்கியதோ அவர் சோர்வுற்றால் தளர்ந்துவிடும் என்று சிலர் கூறுவர். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், மூலநிரல் திறந்திருப்பின் ஒருவர் விட்ட பணியைப் பிறரொருவர் தொடரலாம். பூட்டிய பெட்டிக்கு அவ்வழி இல்லை.

பைத்தான் மொழி பயிலும் மாணவர்க்கு, 2011இல் வெளிவந்த கிவி என்னும் தொகுதி நல்ல தொடக்கமாகும். அது பல விரல் தொடுகையை அடிப்படையாகக் கொண்டு அமைந்தது. விண்டோஸ், லினக்ஸ், ஆண்டிராய்டு முதலிய பல தளங்களில் இயங்குவது. கட்டணமின்றி விற்பனைப் பொருள்களிலும் பயன்படுத்த இசைவளிக்கும் உரிமம் உடையது. அதனையும் ஆராயாது ஏற்றல் வேண்டா. இரு விரலால் ஒரு படத்தைப் பெரிதாக்கும் சிறு நிரலை முதலில் எழுதிப் பார்த்துப் பின்னரே முடிவு செய்தல் அறிவுடைமை.

கருவியைத் தேர்வோர் இன்றைய பகட்டை மட்டும் நோக்காது, தம் உழைப்பு நாளையும் நிலைக்குமா என்பதையும் எண்ணுதல் வேண்டும். அவ்வாறு எண்ணித் தேர்ந்தவரே, உரிமையாளர் எவராக மாறினும் தம் உழைப்பின் பயனை இழவாதிருப்பர்.