யார் கட்டிய புடவை?

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வருபவர்கள் புதுப் புடவை அடுக்கியிருக்கும் கடைகளைத்தான் பார்ப்பார்கள். அதே ஊரில், ‘பழைய பட்டுப் புடவைகள் வாங்கப்படும்’ என்று சின்னதாகப் போர்டு மாட்டிய கடைகளும் உண்டு. பாட்டியின் பீரோவைக் காலி செய்யும் குடும்பங்கள் கடைசியில் போய் நிற்பது அங்கேதான்.

பையிலிருந்து புடவையை எடுக்கும்போதே கதையும் கூடவே வரும். பாட்டியின் முகூர்த்தப் புடவை, தாத்தா தறிக்காரரிடம் சொல்லி நெய்தது, ஊரே வந்து தொட்டுப் பார்த்தது... கடைக்காரர் தலையாட்டிக்கொண்டே கேட்பார். ஆனால் அவர் விரல் பார்டரில் இருக்கும். இரண்டு இழை ஜரிகையை உருவி உரைகல்லில் தேய்ப்பார். வெள்ளிக் கோடு விழுந்தால் ஒரு விலை. செம்பு நிறம் தெரிந்தால் வேறு விலை. புடவையைத் தராசில் வைக்கலாம். பாட்டியை வைக்க முடியாது!

அவர் கணக்கிலும் தப்பில்லை. அசல் ஜரிகை என்பது பட்டு நூல்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. காஞ்சிபுரத்தில் இருக்கும் அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை ஆலை தயாரிக்கும் ஜரிகையில் வெள்ளி சுமார் 40 சதவீதம், தங்கம் அரை சதவீதம். ஒரு புடவையில் 200 கிராம் ஜரிகை இருந்தால் அதில் 80 கிராம் வெள்ளி. அந்த வெள்ளிக்காகத்தான் பழைய புடவை வாங்கப்படுகிறது. பார்டரையும் முந்தானையையும் எரித்தால் பட்டு சாம்பலாகும், உலோகம் மிஞ்சும். யார் கட்டினார், எந்தப் பந்தலில் கட்டினார் என்பதெல்லாம் நெருப்போடு போய்விடும்.

அதே புடவை பழம்பட்டு சேகரிப்பவர் கைக்குப் போனால் கணக்கே வேறு. இன்று தறியில் இல்லாத கொடி, பழைய கோர்வை பார்டர், இப்போது யாரும் சாயம் போடாத ஒரு நிறம் ஆகியவற்றுக்குத் தனி மதிப்பு. கட்டியவரின் பெயரும் சேர்ந்தால் மதிப்பு இன்னும் ஏறும்.

பெயருக்கு இந்த ஊரிலேயே பெரிய உதாரணம் எம்.எஸ். சுப்புலட்சுமி. அவருக்காகக் காஞ்சிபுரம் முத்துச் செட்டியார் நெய்வித்துக் கொடுத்த நீலம்தான் ‘எம்.எஸ். புளூ’ ஆனது என்பார்கள். அவர் கச்சேரியை ஒருமுறைகூடக் கேட்காத பெண்களும் கடையில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் நிறம் கேட்கிறார்கள். ஆனால் ‘எம்.எஸ். புளூ’ வேறு, எம்.எஸ். கட்டிய புடவை வேறு. முதலாவதை யார் வேண்டுமானாலும் நெய்யலாம். இரண்டாவதை விற்க வருபவரிடம் முதல் கேள்வியே, “இது அவர் கட்டியதுதான் என்று எப்படித் தெரியும்?” என்பதாகத்தான் இருக்கும்.

2020 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு மூக்குக் கண்ணாடி ஏலம் போனது. ஏல நிறுவனத்தின் தபால் பெட்டியில் சாதாரண உறையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். காந்திஜி தென்னாப்பிரிக்காவில் தங்கள் உறவினர் ஒருவருக்குக் கொடுத்தது என்பது அந்தக் குடும்பத்துக் கதை. உறவினர் அங்கே வேலை பார்த்த காலமும் கண்ணாடியின் காலமும் பொருந்துகிறதா என்று பார்த்தார்கள், பொருந்தியது. 15,000 பவுண்டு வரும் என்று நினைத்தது 2,60,000 பவுண்டுக்குப் போனது. கண்ணாடியும் கம்பியும் என்ன விலை பெறும்? மீதியெல்லாம் அதை மாட்டியிருந்த மூக்குக்குக் கிடைத்த விலை.

அமெரிக்காவில் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் படம் போட்ட பழைய சிகரெட் அட்டை ஒன்று உண்டு. ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கி 1991-ல் அதை வாங்கி, சில வருடங்களில் விற்றும்விட்டார். 2007-ல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. படத்தில் இருப்பவர் வேறு ஒருவர் என்றாலும், சேகரிப்பாளர்களுக்கு இன்றும் அது ‘கிரெட்ஸ்கி அட்டை’தான்.

நம்மூரில் இந்த வழக்கத்துக்கு ஏல நிறுவனம் தேவைப்பட்டதில்லை. அம்மனுக்குச் சாத்திய புடவையைக் கோயிலில் ஏலம் எடுக்கிறவர்கள் ஜரிகையை உரசிப் பார்ப்பதில்லை. அது சாதாரண நூல் புடவையாக இருந்தாலும் போட்டி போட்டு எடுப்பார்கள். உடுத்தியவள் அம்மன் என்பதற்குக் கோயில் ரசீதே சாட்சி. வீட்டுக்குள்ளும் இது உண்டு. வட மாவட்டங்களில் சுமங்கலியாகப் போனவளைப் பூவாடைக்காரியாகக் கும்பிட்டு, படைத்த புடவையை வீட்டுப் பெண் கட்டிக்கொள்வாள். அதற்கு என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள், அடிதான் விழும்!

இதற்கு நேர் எதிரும் இருக்கிறது. “யார் கட்டினதோ, எந்த நேரத்துல கட்டினதோ” என்று பழைய புடவையைத் தொடவே தயங்கும் வீடுகள் நிறைய. அங்கே முன்பு கட்டியவர் யார் என்று தெரியாததே விலையைக் குறைத்துவிடுகிறது. தெரியாத ஒருத்தியின் நல்ல பட்டைவிட, தெரிந்த அத்தையின் கிழிந்த பட்டு அந்த வீட்டில் உசத்தி.

ஆக, பிரபலம் கட்டிய புடவையோ பாட்டி கட்டிய புடவையோ, கதையோடு ஏதாவது ஒரு துண்டுக் காகிதம் இருந்தால்தான் அடுத்த கை நம்பும். வாங்கிய கடையின் பில், கைத்தறி கூட்டுறவுச் சங்கத்தின் ரசீது, கல்யாணப் பத்திரிகை, அந்தப் புடவையோடு பாட்டி நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். படத்தில் நிறம் தெரியாது. ஆனால் பார்டரின் கோபுரமும் முந்தானையின் கட்டமும் தெரியும். புடவையை அருகில் விரித்து ஒப்பிட்டால் போதும். படத்தின் பின்புறம் பென்சிலில் பெயர், வருடம், ஊர் எழுதலாம். இங்க் பேனா வேண்டாம், ஊறிவிடும். புடவையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைப்பார்கள். காகிதங்களையும் அதே மூட்டையில், ஆனால் தனி உறையில் வைக்கலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றிப் போட வேண்டும், இல்லாவிட்டால் மடித்த இடத்தில் பட்டு விட்டுப்போகும். அந்துருண்டை ஜரிகையில் படக்கூடாது.

இத்தனையும் செய்தால்கூட ஜரிகைக் கடைக்காரர் ஒரு ரூபாய் கூடுதலாகத் தரமாட்டார். அவருடைய கேள்வி இப்போதும் எத்தனை கிராம் என்பதுதான். ஆனால் அந்த உறையைப் பிரித்துப் பார்த்த பிறகு, புடவையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறிய மருமகள்களும் உண்டு.