தனிக்கு மட்டும் கைதட்டுறவங்களுக்கு

எங்கள் வகுப்பில் மிருதங்கத்துக்கு ஒரே அளவுகோல்தான்: தனி ஆவர்த்தனம். யூடியூபிலிருந்து 5 நிமிடத் துண்டை அனுப்பி "செம ஸ்பீடு மச்சி" என்பார்கள். அதற்கு முன் அதே வித்வான் ஒரு மணி நேரத்துக்கு மேல் பாட்டுக்கு வாசித்ததை வெட்டி எறிந்துதான் அந்தத் துண்டு தயாராகிறது. சபாக்களில் நேர் எதிர். தனி தொடங்கியதும் பலர் கேன்டீனுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் ரெண்டு கோஷ்டியும் ஒன்றுதான். ரெண்டு பேருமே பக்கவாத்தியத்தைக் கேட்பதில்லை.

பெரும்பாலும் கச்சேரிக்கு ஒத்திகை கிடையாது. அடுத்து என்ன பாட்டு என்பதே சில சமயம் மேடையில்தான் தெரியும். சாகித்யம் அடர்த்தியாக வரும் இடத்தில் கை குறைய வேண்டும். கார்வை விழும் இடத்தில் ஒரு கும்கி போதும். ஸ்வரத்தில் பாடகர் எந்தக் கணக்கில் முடிக்கப்போகிறார் என்று முதல் தடவையிலேயே பிடித்து, மூன்றாவது தடவை கூடவே வந்து இறங்க வேண்டும். இவ்வளவும் செய்தால் கைதட்டல் பாடகருக்குப் போகும் :)

பழனி சுப்பிரமணிய பிள்ளை என்று ஒருவர் இருந்தார். பெயரிலேயே நம்ம மாவட்டத்து ஊர். வேடசந்தூர் பஸ் ஸ்டாண்டில் பத்து பேரைக் கேட்டுப் பாருங்கள், தெரிகிறதா என்று. இடக்கைக்காரர். வலந்தலை சபையைப் பார்க்க வேண்டுமானால் அவரும் வயலின்காரரும் இடம் மாறி உட்கார வேண்டும். வயலின்காரர்கள் சிலர் இதற்கு ஒப்பவில்லை, அதனால் வாய்ப்பும் குறைந்தது. செம்பை வைத்தியநாத பாகவதர் பிடிவாதமாக அவரைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். கூட வாசிப்பவரின் அருமை அந்தப் பாடகருக்குத் தெரிந்திருந்தது. சங்கீத கலாநிதி விருது முதன்முதலாக ஒரு மிருதங்கக்காரருக்கு, பாலக்காடு மணி ஐயருக்கு, கிடைத்தது 1966ல். பழனி 1962லேயே போய்விட்டார்.

ஸ்பெயினிலும் இதே கதைதான். பாகோ தெ லூசியாவின் சோலோ வேகத்துக்கு உலகமே வாய் பிளக்கிறது. அவர் 1969 முதல் 1977 வரை கமரோன் என்ற பிளமெங்கோ பாடகருக்கு வாசித்த தட்டுகளைக் கேளுங்கள். பாடகர் இழுக்கும்போது கிதார் காத்திருக்கும். வரி முடிந்த பிறகு ஒரு சின்ன பதில், மறுபடி ஒதுங்கல். அத்தனை வேகமும் கையில் இருக்கிறவர்தான் அப்படிக் காத்திருக்கிறார்.

"அப்போ பக்கவாத்தியம்னா அடங்கிப் போறதா?" என்றான் ஒருத்தன். இல்லைப்பா. நோட்டீஸில் பாடகர் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் போடுகிறார்களே, சில பதிவுகளில் பெயரே இல்லாமல் விடுகிறார்களே, அதுதான் அடக்குவது. அதற்குச் சண்டை போடு, நானும் வருகிறேன். பாடகரின் மூச்சைக் கேட்டு வாசிப்பது வித்தை. அதைப் போய் அடிமைத்தனம் என்காதே.

அடுத்த முறை துண்டு அனுப்புகிறவர்கள் தனிக்கு முந்தைய பாட்டையும் நிரவலையும் சேர்த்தே அனுப்பவும். டேட்டா தீர்ந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்.