கடைசிச் சொல் சேர்ந்ததா?

வின்ட் செர்ஃப், பாப் கான் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். கணினிகள் ஒன்றோடொன்று பேச இன்றும் உதவும் டி.சி.பி. என்னும் விதிமுறைக்கு அதுவே வித்து. வழியில் செய்தி தொலையக்கூடும் என்று முன்பே ஒப்புக்கொண்ட விதிமுறை அது. அந்த அடக்கமே என்னைக் கவர்ந்தது.

காவிரியின் இக்கரையில் நின்று அக்கரை ஆளைக் கூப்பிடுவது போன்றதே அதன் தொடக்கம். "பேசலாமா?" என்கிறது ஒரு கணினி. "கேட்டது, நானும் பேசலாமா?" என்கிறது மற்றது. "கேட்டது" என்று முதலாவது முடிக்கிறது. பதில் வராவிடில் 1 நொடி பொறுத்து மீண்டும் அழைக்கிறது. பிறகு 2 நொடி, 4 நொடி என்று பொறுமையை இரட்டிக்கிறது. அழைப்புக்கு எண் உண்டு. ஆகவே ஒரே அழைப்பு இருமுறை வந்தாலும் இரண்டாகக் கணக்கில் ஏறாது.

விடைபெறுதல் இன்னும் அருமை. இரு தரப்பும் "முடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லி ஒப்புகை பெறவேண்டும். ஆனால் கடைசி ஒப்புகை போய்ச் சேர்ந்ததா? அதற்கும் ஒப்புகை கேட்டால் முடிவேது? ஆதலால் முதலில் விடைபெற்ற தரப்பு உடனே கதவடைப்பதில்லை. 1981ஆம் ஆண்டு விதிப்படி 4 நிமிடம் காத்திருக்கும்; எதிர்த்தரப்பு மீண்டும் கேட்டால் மீண்டும் ஒப்புகை தரும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. அரசு கலைக் கல்லூரியில் சேர்வதற்கே 2020 முதல் இணையவழி விண்ணப்பம்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஒருமுறை, ஒரு தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். குத்தாலத்துக் கணினி மையம் ஒன்றில் பணம் கட்டினேன். பணம் போயிற்று, ரசீது வரவில்லை. மறுபடி அழுத்தினால் மறுபடியும் பணம் போகுமோ? அருகில் நின்ற அம்மாவின் கை முந்தானை முடிச்சுக்குப் போயிற்று. அது ஒரு வாரக் கூலி.

செய்தியைக் கணினியிடம் சேர்ப்பதோடு டி.சி.பி.யின் கடமை முடிகிறது. விண்ணப்பம் பதிவாயிற்றா என்பதை அந்த விண்ணப்பப் பக்கந்தான் சொல்லவேண்டும். ஆகவே என் கருத்து இது: பணம் கேட்குமுன் எண்ணைக் கொடுங்கள். அதே எண்ணில் பத்துமுறை அழுத்தினாலும் ஒருமுறையே பணம் பெறுங்கள். கடைசி நாளில் பாதியில் அறுந்தவருக்கு, கதவடைக்குமுன் சற்றே அவகாசம் தாருங்கள்.

இயந்திரத்துக்குக் கற்பித்த பொறுமை ஏழைக்கும் கிடைக்கட்டும். நாளை இவற்றை அமைக்கப்போகிறவர்கள் நாம்தாம், நண்பர்களே!