விலை கூடிய துணி குளிரைத் தடுக்காது

"நல்ல ஹேமக் (தொங்கு படுக்கை) வேண்டுமென்றால் காசைக் கொட்டத்தான் வேண்டும். மலிவானதில் படுத்தால் அறுந்து விழுவாய், இல்லாவிட்டால் முதுகு போகும்." பொதி சுமந்து மலையேற ஆசைப்படும் இளைஞர்களிடம் ஹட்டன் பக்கத்தில் இப்படிச் சொல்லாத ஆளில்லை. இது பிழையான பேச்சு. மலையகத்துப் பிள்ளைகளை அவர்களுடைய மலைகளிலிருந்தே தள்ளி வைக்கிற பேச்சு என்பதால்தான் இதை இவ்வளவு காரமாகக் கண்டிக்க வேண்டியிருக்கிறது.

100 டொலர் பெறுமதியான வெளிநாட்டு செட் ஒன்று, டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலே 30,000 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல் 1,350 ரூபாய் என்று முடிவானது. வீட்டில் அடுப்பெரியாமல் 23 நாள் முழுப் பேர் போட்டால்தான் அந்தச் செட் கைக்கு வரும். கண்டி ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் பெக்கோ ட்ரெயில் நடைபாதை, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை, டயகம என்று நம் தோட்டங்களுக்குள்ளேதான் போகிறது. தன் லயத்துக்குப் பக்கத்தில் போகிற பாதையில் நடக்க ஒரு பிள்ளைக்கு இந்த விலையா?

ஆளை விழுத்துவது துணியின் மலிவு அல்ல, கட்டுகிற கோணம். கட்டில் மாதிரி மட்டமாக இருக்க வேண்டும் என்று நினைத்து விறைப்பாக இழுத்துக் கட்டுகிறார்கள். 70 கிலோ ஆள் படுக்கும்போது மரத்தில் கட்டிய நாடா 30 பாகை சரிவில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 70 கிலோ இழுவைதான். 10 பாகையாகக் குறைந்தால் அதே ஆளுக்கு ஒரு பக்க இழுவை 200 கிலோ. 5 பாகையில் 400 கிலோ. விலை கூடிய செட்டும் அங்கே தாக்குப்பிடிப்பது சந்தேகம். மரத்திலிருந்து ஒரு மீற்றர் வருவதற்குள் நாடா அரை மீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக இறங்க வேண்டும், அவ்வளவுதான். காம்பராவில் சேலைத் தொட்டில் கட்டும் எந்த அம்மாவும் அதை விறைப்பாக இழுத்துக் கட்டுவதில்லை.

முதுகுவலிக் கதையும் இதே தவறிலிருந்து வந்ததுதான். விறைப்பாகக் கட்டிய குட்டைத் துணியில் நேராகப் படுத்தால் உடம்பு வளையத்தான் செய்யும். துணி 11 அடி நீளமும் 5 அடி அகலமும் இருந்து, தொய்வாகக் கட்டி, தலையை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் வைத்துக் குறுக்காகப் படுத்தால் முதுகு ஏறக்குறைய நேராகிவிடும். புறக்கோட்டையில் நாலு யார் நெருக்கமாக நெய்த நைலோனோ பொலியெஸ்டரோ வாங்கி, இரண்டு முனையையும் மடித்துத் தைத்தால் வேலை முடிந்தது. பருத்தி வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது. மரச்சட்டம் வைத்த கயிற்று வலையும் வேண்டாம். அது கடற்கரை வெயிலுக்குச் செய்தது. காற்று ஊடுருவும், புரண்டால் கவிழும்.

காசு போக வேண்டிய இடம் வேறு. ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர். யாத்திரைக் காலத்துக்குள் வரும் டிசம்பர், ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் சில விடியல்களில் புல்லில் பனி உறைகிறது. தொங்கு படுக்கையில் குளிர் கீழிருந்துதான் வரும். ஸ்லீப்பிங் பேக் எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் முதுகின் கீழே அது நசுங்கி, உள்ளே இருந்த காற்று வெளியேறிவிடுகிறது. குளிரைத் தடுப்பது அந்தக் காற்றுதான். நசுங்காத போம் விரிப்பு ஒன்றை, சாதாரண யோகா மெட் ஆனாலும் போதும், முதுகுக்குக் கீழே போடுங்கள். தோள் இரண்டும் அதற்கு வெளியே போய்த்தான் விறைக்கும். அந்த இடத்தில் குறுக்கே இன்னொரு துண்டு வைத்தால் தூக்கம் வரும்.

அடுத்தது மழை. வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டுகிறது. நிலமோ சரிவு, ஈரத்தில் அட்டை வேறு. கூடாரம் அடிக்க மட்டமான இடம் தேடி அலைவதைவிட இரண்டு மரத்துக்கு நடுவே தொங்குவது இங்கே எவ்வளவோ மேல், மேலே 10 அடிக்கு 12 அடித் தறப்பாள் இருந்தால். நீளப் பக்கம் படுக்கையோடு ஓட வேண்டும். அப்போதும் மரத்தில் வழிகிற தண்ணீர் நாடாவைப் பிடித்துக்கொண்டு படுக்கைக்கே வந்துவிடும். தறப்பாளுக்கு உள்பக்கமாக நாடாவில் ஒரு சாண் நூலைக் கட்டித் தொங்கவிடுங்கள். தண்ணீர் அந்த நூலில் இறங்கிச் சொட்டிவிடும். எந்தக் கடையிலும் விலை கொடுத்து வாங்க முடியாத பாதுகாப்பு இது.

மரத்தில் சுற்றும் நாடாவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மெல்லிய நைலோன் கயிறு பட்டையை அறுக்கும், எடையில் நீளும். லொறியில் சாமான் கட்டும் ஓர் அங்குலத்துக்குக் குறையாத நாடாவை, தாங்கும் எடை அச்சிட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். காய்ந்த கொப்பு தொங்கும் டர்பன்டைன் மரத்தின் கீழே கட்டவே வேண்டாம். தோட்ட நிர்வாகத்திடம் கேட்காமல் நிழல் மரங்களிலும் கட்ட வேண்டாம். படுக்கை நாற்காலி உயரத்துக்கு மேல் போகக் கூடாது.

மலையேற்றம் ஒழுங்கு செய்யும் கழகங்களிடமும் ஆசிரியர்களிடமும் கேட்பது ஒன்றுதான். பிள்ளைகளிடம் கொடுக்கிற பொருள் பட்டியலில் கம்பனிப் பெயர்களை வெட்டிவிட்டு அளவுகளை எழுதுங்கள்: தறப்பாள் 10க்கு 12, நாடா ஓர் அங்குலம், கீழே விரிப்பு, துணி 11 அடி. துணியைக் கடைசியில் எழுதுங்கள்.